ஆற்றங்கரைத் தங்கம் போன பிறகு: சிவிலைசேஷன் ஐந்துக்கு எந்த விரிவாக்கம்?

அண்ணன் மகன் கோவையில் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். போன மாதம் ஒரு நாள் இரவு பதினொன்றரை மணிக்கு அழைத்தான். “சித்தப்பா, சிவிலைசேஷன் ஐந்தாம் பாகத்தைத் தள்ளுபடியில் வாங்கினேன். நாலு ஆட்டம் ஆடியாயிற்று. முதல் நூறு சுற்றுக்கு எழுந்திருக்க மனம் வரவில்லை. அதற்குப் பிறகு உட்கார மனம் வரவில்லை. அதற்கு மேல் தனியாக விற்கும் விரிவாக்கம் இரண்டு இருக்கிறதாம். கையில் ஒன்றுக்குத்தான் காசு. எதை வாங்கட்டும்?”

நோயை இவ்வளவு சரியாகச் சொல்லும் நோயாளி எளிதில் கிடைக்கமாட்டான். மறுநாள் காலை சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். இதே நிலையில் வேறு சிலரும் இருப்பார்கள்.

ஃபிராக்சிஸ் நிறுவனம் உருவாக்கி, 2010 செப்டம்பரில் வெளிவந்த கணினி ஆட்டம் இது. கி.மு. 4000-இல் ஒரு குடியேறியையும் ஒரு வீரனையும் கையில் கொடுத்து நடுக்காட்டில் இறக்கிவிடுவார்கள். ஊர் அமைத்து, நிலம் திருத்தி, எழுத்து கண்டுபிடித்து, கடைசியில் விண்கலம் வரை போகலாம். அறுகோணக் கட்டங்கள், ஒரு கட்டத்துக்கு ஒரே ஒரு படை என்ற விதி ஆகிய இரண்டும் அந்த வரிசைக்கு அப்போது புதியவை. போர் அழகாக இருந்தது. ஆரம்பமும் அழகாக இருந்தது. மூடுபனி விலகுவது, யாரும் தொடாத மலையடிவாரம், எதிரே வரும் அந்நியன் நல்லவனா கெட்டவனா என்ற யோசனை, இதிலேயே நூறு சுற்று ஓடிவிடும்.

வினை அதற்குப் பிறகுதான். மூல ஆட்டத்தில் பண்பாட்டு வெற்றி என்பது ஐந்து கொள்கை மரங்களை (கிளை கிளையாகத் திறக்கும் சலுகைகளை) நிரப்பிவிட்டு ஒரு கற்பனாலோகத் திட்டத்தைக் கட்டி முடிப்பது. இதற்கு அண்டை நாட்டுக்காரன் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். உங்கள் வீட்டுக்குள்ளேயே கதவைச் சாத்திக்கொண்டு உண்டியல் நிரப்புகிற வேலை. ராஜதந்திர வெற்றி அதைவிட மோசம். தங்கத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டு, ஐ.நா. சபை ஓட்டெடுப்புக்கு முந்தின நாள் நகர அரசுகளுக்கு, அதாவது ஒரே ஊராக நிற்கும் குட்டி நாடுகளுக்கு, வாரி இறைத்தால் போதும். ஆட்டத்தின் நடுவிலேயே யார் ஜெயிப்பார் என்று தெரிந்துவிடும். மீதி இருநூறு சுற்றும் ‘அடுத்த சுற்று’ பொத்தானை அழுத்துவதுதான். அண்ணன் மகன் எழுந்து போனதில் வியப்பில்லை. நானும் அப்படித்தான் எழுந்து போனேன்.

இந்தப் பிணிக்கு இரண்டு மருந்துகள் வந்தன. 2012 ஜூனில் ‘காட்ஸ் அண்ட் கிங்ஸ்’. 2013 ஜூலையில் ‘பிரேவ் நியூ வேர்ல்ட்’.

முதலாவது நிறையக் கொண்டுவந்தது. சமயம் வந்தது. நம்பிக்கைப் புள்ளிகளைச் சேர்த்து முதலில் ஒரு தெய்வ வழிபாட்டைத் தேர்ந்தெடுக்கலாம். பிறகு பெரும் தீர்க்கதரிசி ஒருவர் தோன்றினால் முழுச் சமயமாக நிறுவலாம். எட்டு பேர் ஆடும் வழக்கமான வரைபடத்தில் ஐந்து சமயங்களுக்குத்தான் இடம். பிந்தியவர்கள் அடுத்தவன் சமயத்தில் போய்ச் சேர வேண்டியதுதான். ஒருவர் எடுத்த கோட்பாட்டை இன்னொருவர் எடுக்க முடியாது என்பதால் பந்தயம் சூடாக இருக்கும். பாலைவனத்தில் மாட்டிக்கொண்டவன் பாலைவனக் கட்டங்களுக்கே நம்பிக்கைப் புள்ளி தரும் வழிபாட்டைப் பிடித்துவிட்டால் எல்லாரையும் முந்திவிடுவான். மோசமான இடத்தில் பிறந்தவனுக்கும் ஒரு வழி உண்டு என்று ஆக்கியது அந்த விரிவாக்கத்தின் நல்ல காரியம்.

ஒற்றர்களும் வந்தார்கள். யாராவது ஒருவர் மறுமலர்ச்சிக் காலத்தை எட்டியதும் எல்லாருக்கும் ஒற்றர் கிடைப்பார். தொழில்நுட்பம் திருடலாம், நகர அரசுகளின் தேர்தலில் கை வைக்கலாம். படைகளின் உயிர்ப்புள்ளி 10-இலிருந்து 100 ஆனது. பத்துப் புள்ளியில் ஒரு மோதலுக்கே படை அழிந்துபோகும். நூறில் அடிபட்ட படையைப் பின்வாங்கவைத்துத் தேற்றலாம். கப்பல்களில் நெருங்கிப் போரிடுபவை தனியாகப் பிரிக்கப்பட்டன. அவை கடலோர நகரங்களை நேரடியாகக் கைப்பற்றின. போர் பிடித்தவர்களுக்கு இது பெரிய விஷயம்.

ஆனால் கணக்குப் பாருங்கள். சமயத்தின் பந்தயம் முதல் நூறு, நூற்றைம்பது சுற்றுகளில் முடிந்துவிடுகிறது. ஏற்கெனவே நன்றாக இருந்த பாதியை இந்த விரிவாக்கம் இன்னும் நன்றாக்கியது. ஒற்றர்கள் பிற்பாதியில் வருகிறார்கள்தான். ஆனால் ஒரு நகரத்தில் உட்காரவைத்துவிட்டு மறந்துவிடுகிற அளவுக்குத்தான் அவர்களுக்கு வேலை. ஐந்து கொள்கை மரங்கள் அப்படியே நின்றன. ஐ.நா. ஓட்டு அப்படியே விலைக்குக் கிடைத்தது. ஒழுகுகிற கூரைக்குக் கீழே வாசலில் புதுக்கோலம் போட்ட மாதிரி.

இரண்டாவது விரிவாக்கத்தை நிறுவி முதல் ஆட்டம் ஆடிய இரவு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வழக்கம்போல ஆற்றங்கரையாகப் பார்த்து ஊர் அமைத்தேன். மூல ஆட்டத்தில் ஆற்றை ஒட்டிய ஒவ்வொரு கட்டமும் ஒரு தங்கம் தரும். ஆறு கிடைத்தால் கருவூலத்தைப் பற்றிக் கவலையே இல்லை. இரண்டு சாரணர், மூன்று வீரர்கள், ஒரு வேலையாள் என்று படையைப் பெருக்கிக்கொண்டே போனேன். முப்பதாவது சுற்று வாக்கில் மேலே இருந்த தங்க எண் சிவப்பாக மாறியது. ஏதோ பிழை என்று நினைத்து ஆட்டத்தை மூடித் திறந்தேன். மறுபடியும் சிவப்பு. கருவூலம் சுழியைத் தொட்டதும் ஆராய்ச்சிப் புள்ளிகளில் கை வைத்தார்கள். அப்புறம்தான் கட்டத்தின் மேல் சுட்டியை வைத்துப் பார்த்தேன். ஆற்றங்கரைத் தங்கம் இல்லை. கடற்கட்டத்திலிருந்தும் எடுத்துவிட்டார்கள்.

கோபம் வந்தது. காசு கொடுத்து வாங்கிய விரிவாக்கம் என்னிடமிருந்ததைப் பிடுங்கிக்கொண்டதே என்று. இரண்டு நாள் கழித்துத்தான் அந்தப் பிடுங்கலின் அருமை புரிந்தது.

தங்கம் இனி வணிகப் பாதைகளிலிருந்துதான் வரும். கால்நடை வளர்ப்பைக் கற்றால் ஒரு வணிகச் சாத்து. கடலோடக் கற்றால் ஒரு சரக்குக் கப்பல். அதை எங்கே அனுப்புவது? அயல்நாட்டு நகரத்துக்கு அனுப்பினால் தங்கம் வரும், கூடவே அறிவியல் புள்ளியும் கசியும். முன்னேறிய நாட்டோடு வணிகம் செய்தால் அவனிடமிருந்து உங்களுக்கு, பின்தங்கியவனோடு செய்தால் உங்களிடமிருந்து அவனுக்கு. சொந்த நகரத்துக்கு அனுப்பினால் தங்கம் கிடையாது. களஞ்சியம் கட்டியிருந்தால் உணவு போகும், பட்டறை இருந்தால் உற்பத்தி போகும். வழியில் காட்டுமிராண்டி முகாம் இருந்தால் சாத்தைக் கொள்ளையடிப்பான். அதனால் வழிக்கு ஒரு காவல். அண்டை நாட்டானோடு போர் தொடுத்தால் அவனோடு ஓடும் பாதைகள் அன்றே அறுந்துபோகும், வருமானம் பாதியாகும். மூல ஆட்டத்தில் போர் என்பது படை இருக்கிறதா என்ற கேள்வி மட்டுமே. இங்கே அது வீட்டுக் கணக்குப் புத்தகத்தையும் பார்த்துவிட்டுச் செய்ய வேண்டிய காரியமாகிவிட்டது. ஒரு கட்டத்துக்கு ஒரு தங்கம் என்ற சின்ன விதியை எடுத்ததால் இத்தனையும் நடந்தது. அந்தத் தங்கத்தை விட்டுவைத்து மேலே வணிகப் பாதையையும் சேர்த்திருந்தால் வணிகம் ஓர் அலங்காரமாக நின்றிருக்கும், சாத்து அனுப்ப ஒருவரும் மெனக்கெட்டிருக்கமாட்டார்கள்.

பண்பாட்டு வெற்றியிலும் இதே துணிச்சல். ஐந்து மரக் கணக்கை அடியோடு தூக்கி எறிந்துவிட்டார்கள். இனி எழுத்தாளர், ஓவியர், இசைக் கலைஞர் மூலம் பெரும் படைப்புகளை உருவாக்கி, அவற்றை வைக்க அருங்காட்சியகம் கட்டி, சுற்றுலாப் புள்ளி சேர்த்து, ஒவ்வொரு நாட்டின் மீதும் உங்கள் செல்வாக்கைப் படரவிட வேண்டும். அவர்கள் ஆதிகாலம் முதல் சேர்த்த பண்பாட்டை உங்கள் சுற்றுலா தாண்ட வேண்டும். கதவைச் சாத்திக்கொண்டு ஜெயிக்க முடியாது.

இதில் எனக்குப் பிடித்தது தொல்லியல். அந்தத் தொழில்நுட்பத்தைக் கற்றதும் வரைபடத்தில் புதைவிடங்கள் முளைக்கும். அவை கண்டபடி தூவப்பட்டவை அல்ல. அந்த ஆட்டத்திலேயே நீங்கள் போரிட்ட இடங்கள், அழித்த முகாம்கள். ஒருமுறை மலைக் கணவாய் ஒன்றில் என் தொல்லியலாளர் தோண்டினார். கிடைத்தது பழங்காலக் காட்டுமிராண்டிகளின் பொருள். நாற்பதாவது சுற்றில் என் முதல் வில்லாளிப் படை அங்கேதான் ஒரு முகாமை எரித்தது. நான்கு மணி நேரத்துக்கு முன் நானே செய்ததை வரலாறாகக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தேன். முற்பாதியும் பிற்பாதியும் ஒட்டிக்கொண்ட இடம் அது.

உலக மாமன்றமும் சேர்ந்தது. அச்சு இயந்திரம் கண்டுபிடித்து, எல்லா நாடுகளையும் சந்தித்த ஒருவர் அதைக் கூட்டுவார். தடை, பொருளாதார முடக்கம், உலகக் கண்காட்சி என்று தீர்மானங்கள் வரும். ஏதேனும் ஓர் ஆடம்பரப் பொருளைத் தடை செய்தால் அது தரும் மகிழ்ச்சி உலகம் முழுக்க நின்றுபோகும். நான் காந்தியின் தலைமையில் இந்தியாவை ஆண்டுகொண்டிருந்தேன். உப்புதான் என் மக்களின் முக்கிய மகிழ்ச்சி. மாமன்றம் உப்புக்குத் தடை போட்டது. வேதாரண்யத்துக்கு நடந்துபோய் உப்பு அள்ள ஆட்டத்தில் வழியில்லை. மூன்று நகரங்களில் விளையாட்டரங்கம் கட்டித்தான் சமாளித்தேன். தொழிற்காலத்துக்கு மேல் சுதந்திரம், ஒழுங்கு, எதேச்சதிகாரம் என்று மூன்று சித்தாந்தங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அண்டை நாட்டின் பண்பாடு வலுவாக இருந்து அவன் சித்தாந்தமும் வேறாக இருந்தால் உங்கள் மக்களே முணுமுணுப்பார்கள். முற்றினால் நகரமே கட்சி மாறிவிடும். ஜெயித்தாயிற்று என்று கால் நீட்டுகிற நேரத்தில் இது வந்து முதுகில் தட்டும்.

குறை இல்லாமல் இல்லை. ஒவ்வொரு புது நகரத்துக்கும் தொழில்நுட்பச் செலவு 5 சதவீதம் ஏறும் என்று ஒரு விதி வைத்தார்கள். அதனால் நாலு நகரம் கட்டி அடக்கமாக உட்கார்ந்துகொள்வதே புத்திசாலித்தனம் என்றாகிவிட்டது. பெரிய நிலப்பரப்பைப் பிடித்துப் பரவுகிறவர்களுக்கு இது தண்டனை. ஆரம்பத்தில் காசுப் பஞ்சம் இருப்பதால் கணினி ஆடும் நாடுகளும் முன்போலச் சீறி வருவதில்லை. முதல் எண்பது சுற்றுகளில் கத்தி எடுத்துப் பாய்கிறவராக இருந்தால் ‘காட்ஸ் அண்ட் கிங்ஸ்’ விதிகளே உங்களுக்கு உவப்பாக இருக்கும். என்னைப் போன்ற கணக்குப்பிள்ளைகளுக்கு அப்படி இல்லை.

முடிவைச் சுலபமாக்கும் ஒரு செய்தி இருக்கிறது. விற்பனைப் பக்கத்தில் பலர் இதைக் கவனிப்பதில்லை. ‘பிரேவ் நியூ வேர்ல்ட்’ மட்டும் வாங்கினாலும் சமயமும் ஒற்றரும் அதற்குள்ளேயே வந்துவிடும். முதல் விரிவாக்கத்தை விட்டால் நீங்கள் இழப்பது அதில் வந்த நாடுகளையும் அதிசயங்களையும் தனி வரலாற்று ஆட்டங்களையும்தான். பைசாண்டியமும் மாயாவும் கார்த்தேஜும் எத்தியோப்பியாவும் இல்லை என்று வருந்தலாம். விதிகள் இல்லை என்று வருந்த வேண்டாம். இது தலைகீழாகச் செல்லாது. முதலாவதை மட்டும் வாங்கினால் வணிகமும் மாமன்றமும் வராது. பழைய ஆட்டத்தின் சேமிப்பைத் திறந்து புது விதிகளைத் தேடவும் வேண்டாம். புதிதாக ஓர் ஆட்டம் தொடங்க வேண்டும்.

உறுத்துகிற பழைய விதியை எடுத்தெறிவதுதான் மருந்து என்று இந்த ஒரு ஆட்டத்தை வைத்து மட்டும் நான் பேசவில்லை. ‘டயாப்லோ 3’ 2012 மே மாதம் வந்தபோது அதில் ஏலக்கூடம் ஒன்று இருந்தது. அரக்கர்களைக் கொன்று அரிய வாளைக் கண்டெடுப்பதுதான் அந்த ஆட்டத்தின் உயிர். அதே வாள் ஏலத்தில் கிடைக்குமென்றால் எதற்காகக் கொல்ல வேண்டும்? உண்மைப் பணத்துக்கே விற்றார்கள். கண்டெடுக்கும் பொருள்களில் பெரும்பாலானவை உங்கள் வீரனுக்குப் பொருந்தாதவை என்பதால் சந்தைக்குப் போகாமல் வேறு வழியுமில்லை. 2014 மார்ச் 18 அன்று ஏலக்கூடத்தை மூடினார்கள். ஒரு வாரத்தில், மார்ச் 25 அன்று, ‘ரீப்பர் ஆஃப் சோல்ஸ்’ வந்தது. சிலுவைப் போர்வீரன், ஐந்தாம் அங்கம், கதையை மறுபடி மறுபடி ஓட்டாமல் வேட்டையாடும் சாகச முறை என்று சேர்த்தவை பல. அவற்றுக்கு உயிர் வந்தது சந்தை ஒழிந்ததால்தான். சிக்கல் என்னவென்றால், பொருள் விழும் விதியைத் திருத்திய புதுப்பிப்பு அதற்கு முந்தின மாதமே எல்லாருக்கும் இலவசமாகக் கிடைத்தது. பாதி மருந்து காசில்லாமலே.

‘சைபர்பங்க் 2077’ கதையும் இதேதான். 2023 செப்டம்பர் 21 அன்று வந்த 2.0 புதுப்பிப்பு திறன் மரங்களையும் காவல்துறை துரத்தலையும் மாற்றி எழுதியது, அது இலவசம். ஐந்து நாள் கழித்து வந்த ‘ஃபேண்டம் லிபர்ட்டி’ புதிய பகுதியையும் உளவுக் கதையையும் தந்தது, அதற்குத்தான் விலை. ஆகவே மூல ஆட்டம் பிடிக்காமல் வைத்துவிட்டவர்கள் முதலில் அதைப் புதுப்பித்து ஒரு மாலை ஆடிப் பார்க்க வேண்டும். உறுத்தியது போய்விட்டதென்றால் விரிவாக்கம் வாங்குவது ஆசைக்கு, மருந்துக்கு அல்ல.

‘விட்சர் 3’-இன் ‘பிளட் அண்ட் ஒயின்’ வேறு சாதி. 2016-இல் வந்த அது டூசான் என்ற திராட்சைத் தோட்ட நாட்டையே கொண்டுவந்தது. நாயகனுக்கு ஒரு வீடும் கொடுத்தது. அருமையான கதை. ஆனால் வாள்வீச்சு அலுப்பூட்டி மூல ஆட்டத்தை விட்டவருக்கு அங்கேயும் கிட்டத்தட்ட அதே வாள்வீச்சுதான். பிடித்தவர்களுக்கு விருந்து.

‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’ பற்றிச் சொல்லாவிட்டால் என் தலைமுறையில் யாரும் மன்னிக்கமாட்டார்கள். ‘கான்கரர்ஸ்’ விரிவாக்கத்தின் குறுந்தகட்டை ரிச்சி தெருவில் ஒரு கடையில் வாங்கி, ரயிலில் மடியிலேயே வைத்துக்கொண்டு ஊருக்கு வந்தேன். கணினியில் போட்டதும் மூல ஆட்டத்தின் தகடு எங்கே என்று கேட்டது. என்னிடம் இல்லை. கடைக்காரர் சொல்லவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை. மூன்று மாதம் உறையின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஆடியபோது ஹூணர்களும் அஸ்டெக்குகளும் அவ்வளவாக மனதில் நிற்கவில்லை. சுரங்க முகாம் கட்டி முடித்த குடியானவன் தானாகவே தங்கம் வெட்டப் போனான், அதுதான் நின்றது. வயலுக்கு முன்கூட்டியே விதை ஏற்பாடு செய்துவைக்க முடிந்தது. ஒவ்வொரு வயலும் தரிசாகும்போது ஓடிப் போய்க் கிளிக் செய்த கொடுமை தீர்ந்தது. அதே ஆட்டத்துக்கு 2022 ஏப்ரலில் ‘டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா’ வந்தபோது ‘இந்தியர்கள்’ என்றிருந்த ஒரே நாகரிகம் இந்துஸ்தானிகள் என்று பெயர் மாறி, வங்காளிகள், கூர்ஜரர்கள், திராவிடர்கள் என்று மூன்று புதியவை பிறந்தன. திராவிடர்களுக்கு ‘நைட்’ என்ற கவசக் குதிரை வீரர் கிடையாது. சுருள்வாள் வீரனும் திரிசடைக் கப்பலும் உண்டு. ராஜேந்திர சோழனின் படையெடுப்பை ஆடலாம். பொத்தாம் பொதுவாக இருந்ததை உடைத்ததில்தான் இந்த மூன்றுக்கும் முகம் வந்தது.

மறுநாள் காலை அண்ணன் மகனிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: பிரேவ் நியூ வேர்ல்ட் வாங்கு. போர் மட்டும்தான் வேண்டுமென்றால் காட்ஸ் அண்ட் கிங்ஸ், ஆனால் உன் நோய் அதுவல்ல. இரண்டும் சேர்ந்த முழுத்தொகுப்பு தள்ளுபடியில் ஏறக்குறைய அதே விலைக்குக் கிடைத்தால் யோசிக்காமல் அதை எடு. தேர்வு முடியும் வரை எதையும் நிறுவாதே.

கடைசி வரியை அவன் கேட்கவில்லை போலிருக்கிறது. மூன்றாம் நாள் இரவு மறுபடி அழைத்தான்.

“சித்தப்பா, ஆட்டத்தில் ஏதோ பிழை. தங்கம் சிவப்பில் ஓடுகிறது.”

“ஊரை எங்கே அமைத்தாய்?”

“ஆற்றங்கரையில்தான். பெரிய ஆறு.”

“கட்டத்தின் மேல் சுட்டியை வைத்துப் பார்” என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டேன்.